துரைக்கண்ணு செய்த ஒரே மறியல்

உயிரோடு இருந்தவரை துரைக்கண்ணு ஒரு மறியலில்கூட உட்கார்ந்ததில்லை. நத்தம்பூண்டியில் பிறந்த ஓர் ஆண்பிள்ளை நரை தட்டும்வரை நடுரோட்டில் உட்காராமல் காலம் தள்ளுவது சாமானியக் காரியம் இல்லை. ஆற்றில் தண்ணீர் வராவிட்டால் மறியல். வந்த தண்ணீர் வயலைவிட்டு வடியாவிட்டால் மறியல். உரம் கிடைக்கவில்லை என்று ஒன்று, விளைந்த நெல்லை எடுக்கவில்லை என்று ஒன்று. அந்தப் பக்கத்து ஊர்களில் மறியல் என்பது திருவிழா மாதிரி வருஷா வருஷம் வந்துபோகிற சமாசாரம். அதற்கு ஒரு முறையும் உண்டு. காலையில் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு மெயின்ரோட்டில் போய் உட்காருவார்கள். வெயில் ஏறினதும் போலீஸ் வரும். மத்தியானத்துக்குமேல் தாசில்தாரின் ஜீப் வரும். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார், இவர்கள் கையை நீட்டிப் பேசுவார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் அவர் ஒரு வாக்குக் கொடுப்பார், இவர்கள் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து வீட்டுக்குப் போவார்கள். வாக்கு என்ன ஆயிற்று என்பதை அடுத்த மறியலில்தான் கேட்பார்கள். ஆனால் ஒன்று, எந்த மறியலும் விளக்கு வைக்கிற நேரத்தைத் தாண்டியது கிடையாது. மங்களாம்பிகை நம்பி மோசம் போனது இந்த ஒரு வழக்கத்தைத்தான்.

மங்களாம்பிகை துரைக்கண்ணுவின் பெண்சாதி. ஊர் முழுக்க ரோட்டில் கிடக்கும்போது துரைக்கண்ணு மட்டும் டீக்கடைப் பந்தலுக்கு அடியில் நின்று வேடிக்கை பார்ப்பார். யாராவது கையைப் பிடித்து இழுத்தால், "எல்லாரும் ஒக்காந்துட்டா மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுறது?" என்று நழுவிவிடுவார். விவசாயிகள் சங்கத்துக்கு அந்த ஊரில் தலைவராக இருந்த கலியபெருமாளுக்கு இது பொறுக்காது. "எங்க அண்ணன ஏர்ல பூட்டுனாலும் பூட்டலாம், மறியல்ல ஒக்கார வைக்க முடியாது" என்பார், பத்துப் பேர் முன்னால். துரைக்கண்ணு அதற்கும் சிரிப்பார். பொறுமையாக இருக்க ஆள் தேவை என்று அரசாங்கம் விளம்பரம் கொடுத்திருந்தால் அவரைத்தான் எடுத்திருக்கும். எடுத்தும்விட்டது, சம்பளம் இல்லாமல்.

அந்த வருஷம் குறுவை நன்றாக விளைந்தது. அதுவே வினையாகப் போயிற்று. எல்லா ஊரிலும் நன்றாக விளைந்து, எல்லா ஊர் நெல்லும் ஒரே சமயத்தில் கொள்முதல் நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. அரசாங்கம் நெல்லை எடை போட்டு வாங்கிக்கொள்கிற இடம் அது. பேர்தான் பெரிது. ஒரு தகரக் கொட்டகை, ஒரு தராசு, முன்னால் ஒரு திடல், அவ்வளவுதான். சாக்கு வரவில்லை என்றார்கள். சாக்கு வந்தபோது லாரி வரவில்லை. லாரி வந்தபோது கிடங்கில் இடம் இல்லை. நடுவில் மழை வந்துவிட்டது. மழைக்கு மட்டும் யாருடைய உத்தரவும் தேவைப்படவில்லை. நனைந்த நெல்லை மெஷினில் வைத்துப் பார்த்து, ஈரம் கூடுதல், காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்றார்கள். ஐப்பசி மாதத்தில் எங்கே போய்க் காயவைப்பது? வெயில் எட்டிப் பார்த்தால் படுதாவை நீக்கி நெல்லைப் பரப்புவதும், மேகம் கறுத்தால் ஓடி ஓடிக் கூட்டிக் குவிப்பதுமாகத் திடல் முழுக்க ஜனம் அல்லாடியது.

துரைக்கண்ணுவின் குவியல் தராசுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதற்கு அடுத்தது அப்துல் ஹமீதுடையது. ஹமீது பாய் கூத்தாநல்லூர்க்காரர். பாதி ஆயுசை வளைகுடாவில் கழித்துவிட்டு வந்து, நத்தம்பூண்டியில் குத்தகைக்கு நிலம் பிடித்து விவசாயம் பார்க்கிறவர். இரண்டு பேரும் குவியலுக்குக் காவலாக அங்கேயே படுத்துக்கொண்டார்கள். மங்களாம்பிகை தினமும் தூக்குவாளியில் சோறு கொண்டுபோவாள், பாய்க்கும் சேர்த்துத்தான்.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்பாள்.

"நாளைக்குப் போட்டுடுவாங்க."

மறுநாள் கேட்டாலும் அதே பதில்தான். ஒருநாள் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "போயி நாலு வார்த்த சத்தமாக் கேட்டா என்ன? நெல்லு ஒங்களுதுதானே?"

"சத்தம் போட்டு? கொட்டாய்ல நிக்கிற பய என்ன பண்ணுவான் மங்களம்? நாம வெளில நிக்கிறோம், அவன் உள்ள நிக்கிறான். அவ்வளவுதான் வித்தியாசம்."

"ஒங்க பொறுமையை ஒலையில போட்டுச் சோறாக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கிறவரைகூட நிற்காமல் அவள் வந்துவிட்டாள். வாளியை ஹமீது பாய் கழுவிவைத்துவிடுவார் என்று தெரியும். புருஷனிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

மறுநாள் விடிகிற நேரத்தில் காற்றும் மழையுமாகச் சுழற்றி அடித்தது. குவியல்மேல் போட்டிருந்த படுதா பிய்த்துக்கொண்டு பறக்கப் பார்த்தது. துரைக்கண்ணு அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டு இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தார். ஹமீது பாய் தன் படுதாவுக்குக் கல் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவர் அப்படியே கிடந்தார். கூப்பிட்டார், பேச்சில்லை. புரட்டினார், மூச்சில்லை. கையில் படுதாவின் முனை இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அதை எடுக்க வேண்டியிருந்தது. தூக்கிப்போக வேறு எதுவும் கிடைக்காமல் அந்தப் படுதாவிலேயே அவரைக் கிடத்தி, நாலு பேர் நாலு முனையைப் பிடித்து, லோடு ஆட்டோவில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவருடைய நெல் திறந்து கிடந்தது. அதை யாரும் நினைக்கவில்லை. நினைக்கிற நேரமும் இல்லை அது.

ஆஸ்பத்திரியில், வரும்போதே உயிர் இல்லை என்றார்கள். பொது இடத்தில் நடந்த சாவு, போலீஸுக்குச் சொல்ல வேண்டும், அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் தருவோம் என்று பிணவறைக்கு அனுப்பிவிட்டார்கள். மங்களாம்பிகை வந்து சேர்ந்தபோது அவர் உள்ளே போயாகிவிட்டது. கதவைத்தான் பார்த்தாள்.

அவள் அழுதாள், மாரில் அடித்துக்கொண்டாள், ஓய்ந்தாள். ஓய்ந்தபோது அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவரை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தி, எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, முகத்தைப் பார்த்து வாயில் ஒரு பிடி அரிசி போட வேண்டும். நத்தம்பூண்டியில் பொம்பிளைகள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. கட்டினவரை வழியனுப்ப ஒருத்திக்கு வீட்டுவாசலை விட்டால் வேறு இடம் கிடையாது. அந்த வாசலில், அவர் காதோடு காதாக, "நான் கத்துனத மனசுல வச்சுக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

நீடாமங்கலத்தில் வாக்கப்பட்டிருந்த மகள் பிரகதீஸ்வரி புருஷன் பிரபுவோடு ஓடிவந்திருந்தாள். அவளிடம் மங்களாம்பிகை சொன்னாள்: "பாய்ட்ட சொல்லி ஒங்கப்பா குமியல்லேருந்து ஒரு கை நெல்லு எடுத்தாரச் சொல்லு. குத்தி அரிசி எடுத்துக்கலாம். அவரு வெளைய வச்சதத்தான் அவரு வாயில போடணும்."

அதற்குள் ஊரே வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலெல்லாம் குடையும் ஈரத் தலையுமாக ஜனம். கலியபெருமாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் குந்தினார். கண் சிவந்திருந்தது. நடிப்பில்லை, உண்மையாகவே அழுதிருந்தார்.

"அண்ணி, ஒரு வார்த்த. இப்ப யாரு வந்து கேட்டாலும் கையெழுத்துப் போட்டுடாதீங்க."

"என்ன கையெழுத்து தம்பி?"

"ஒடம்ப வாங்கிக்கிறோம்னு கேப்பாங்க. வாங்கிட்டோம்னா அத்தோட முடிஞ்சுது. நெஞ்சுவலின்னு சொல்லி மூடிட்டுப் போயிடுவானுங்க. திடல்ல கெடக்குற நெல்ல ஒருத்தன் திரும்பிப் பாக்க மாட்டான். நாங்க தொண்ட கிழியக் கத்திப் பாத்தாச்சு. அண்ணன் இங்க கெடந்தாத்தான் அவனுக்குக் காது கேக்கும்."

"வீட்டுக்குக் கொண்டுபோயிட்டு அப்புறம் கேக்கக் கூடாதா?"

"எரிச்சப்புறம் எதைக் காட்டிக் கேக்குறது அண்ணி?"

கேட்டுவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

"அம்மா, அப்பாவுக்கு இதெல்லாம் புடிக்காதும்மா. வாங்கிட்டுப் போயிடலாம்" என்றாள் பிரகதீஸ்வரி.

பக்கத்து வீட்டு அம்சம் அப்போது வந்து மங்களாம்பிகையின் காலைக் கட்டிக்கொண்டாள். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு ஒண்டியாகப் பயிர் செய்கிறவள். "யக்கா, கேக்கவே நாக்கு கூசுது. ஆனா யாருட்டக் கேப்பேன்? ஏ நெல்லும் அங்கதான் கெடக்கு. அது போச்சுன்னா நானும் பிள்ளைங்களும் போயிட வேண்டியதுதான். இன்னிக்கு ஒரு பொழுது பொறுத்துக்கக்கா. சாயங்காலம் ஆபீசருங்க வந்துருவாங்க. அண்ணன எடுத்துக்கிட்டு எல்லாருமாச் சேந்து போயிடலாம்."

மங்களாம்பிகை சுற்றிலும் பார்த்தாள். எல்லாம் தெரிந்த முகம். அவள் வயலில் நடவு நட்ட முகம், அவள் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறிய முகம். எல்லாம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. இத்தனை பேர் அவளிடம் கேட்டு நின்றது அவள் ஆயுசில் அன்றுதான்.

"சாயங்காலந்தானே?" என்று கேட்டாள்.

"சாயங்காலந்தான் அண்ணி. நம்ம மறியல் என்னிக்கு வெளக்கு வச்சப்புறம் நடந்திருக்கு?"

"சரி."

அந்தச் 'சரி' வாய்க்கு வாய் தாவி வாசல்வரை போனது. ஜனம் திமுதிமுவென்று ஆஸ்பத்திரிக்கு முன்னால் ரோட்டுக்கு ஓடி உட்கார்ந்தது.

சாயங்காலம் வந்தது. ஜீப் வரவில்லை. மங்களாம்பிகை மேல் தப்பில்லை, கலியபெருமாள் மேலும் தப்பில்லை. படுதாவில் வைத்து நாலு பேர் துரைக்கண்ணுவைத் தூக்கிப்போனதை எவனோ செல்போனில் எடுத்திருக்கிறான். அது ஒரு பகலுக்குள் மன்னார்குடியைத் தாண்டித் தரங்கம்பாடி வரைக்கும் போய்விட்டது. எல்லா ஊர்த் திடலிலும் நெல் நனைந்துதான் கிடந்தது, எல்லா ஊர் வயிறும் எரிந்துகொண்டுதான் இருந்தது. அங்கங்கே உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு மறியல் என்றால் ஒரு ஜீப் வரும். ஊருக்கு ஒரு மறியல் என்றால் அரசாங்கம் ஜீப்புக்கு எங்கே போகும்?

ஜீப்புக்குப் பதிலாகக் கொடிகள் வந்தன. எந்தக் கட்சியும் பாக்கி இல்லை. நாங்கள் இல்லாமல் பேச்சுவார்த்தை நடக்கக் கூடாது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். மகள் கல்யாணத்தில் எடுத்த போட்டோவிலிருந்து துரைக்கண்ணுவின் தலையை மட்டும் வெட்டி எடுத்து ஆளுயரப் பேனர் வைத்தார்கள். "போராளி துரைக்கண்ணு" என்று அதில் எழுதியிருந்தது. டீக்கடைப் பந்தலுக்கு அடியில் நின்ற மனுஷன்! அவர் பார்த்திருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு பின்பக்கமாகப் போயிருப்பார்.

இருட்டினபிறகு கலியபெருமாள் வந்தார். தொண்டை கட்டியிருந்தது. "நாளைக்கு முடிஞ்சுடும் அண்ணி" என்றார்.

நாளைக்குப் போட்டுடுவாங்க. அந்தக் குரல் அவள் காதிலேயே இருந்தது. பிணவறை வராந்தாவில் தூணில் சாய்ந்துகொண்டு மங்களாம்பிகை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டாள், அவர் ஒவ்வொரு நாளும் எதை முழுங்கிக்கொண்டு அதைச் சொல்லியிருப்பார் என்று.

மறுநாளும் மழை. கரண்டு போவதும் வருவதுமாக இருந்தது. பிணவறையைப் பார்த்துக்கொள்கிற ஆள் வெளியே வந்து பீடி பற்ற வைத்தவர், அவளைக் கண்டதும் அணைத்துவிட்டார். "அறுத்து முடிச்சாச்சும்மா. ஐஸ் பெட்டி சரியா ஓடல, நெறைய வேற கெடக்கு. வெரசா எடுத்துட்டீங்கன்னா நல்லது. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றார்.

"மொகத்த மட்டும் ஒரு தரம் காட்டுங்கய்யா."

அவர் போலீஸ்காரரைப் பார்த்தார். போலீஸ்காரர் வேறெங்கோ பார்த்தார். ஒருத்தரை உள்ளே விட்டால் கூட்டம் முழுக்க உள்ளே வந்துவிடும் என்று உத்தரவாம். அவள் பிறகு கேட்கவில்லை.

பொழுது ஏறினதும் ஹமீது பாய் வந்தார். உடம்பெல்லாம் நனைந்திருந்தது, துண்டில் எதையோ முடிந்து கையில் வைத்திருந்தார்.

"தங்கச்சி, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. எங்கள்ல மவுத்தாயிட்டா அடக்கத்தத் தள்ளிப்போட மாட்டாங்க. போறவங்கள நிக்க வைக்கக் கூடாதும்பாங்க. அவரு நின்னது போதும்மா. நீங்க வாங்கிட்டுப் போங்க. எவன் என்ன சொன்னாலும் நான் கூட வர்றேன்."

"ஒங்க நெல்லும்தானே பாய் அங்க கெடக்கு?"

"கெடக்கு" என்றார். "அது நெல்லு தங்கச்சி."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை அடங்கினதும் துண்டு முடிச்சைப் பார்த்து, "ஒரு கை நெல்லு கேட்டுவுட்டேனே, எடுத்தாந்தீங்களா?" என்றாள்.

ஹமீது பாய் முடிச்சை அவிழ்க்கத் தயங்கினார். பிறகு அவிழ்த்தார். நெல் தனித்தனியாக இல்லை. வெள்ளை வெள்ளையாக முளைவிட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரே அடையாக இருந்தது. "படுதா இல்லாமப் போச்சும்மா. யாரும் பாக்கல. நானும் பாக்கல" என்று சொல்லிவிட்டு அந்த மனுஷன் குழந்தை மாதிரி தேம்பினார்.

மங்களாம்பிகை அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இனி அதில் அரிசி இல்லை. கொஞ்ச நேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தவள், சட்டென்று எழுந்தாள். "நான் கையெழுத்துப் போடப் போறேன் பாய். சொல்லிட்டு வந்துடுறேன்" என்று ரோட்டை நோக்கி நடந்தாள்.

ரோட்டில் எள் போட இடமில்லை. குடைக்கு அடியில் கைக்குழந்தையோடு பெண்கள், பாலித்தீன் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு கிழவர்கள். அவளைக் கண்டதும் அத்தனை பேரும் எழுந்து நின்று கும்பிட்டு வழிவிட்டார்கள். "மங்களாம்பிகை அம்மா வாழ்க!" என்று ஒரு குரல், அதைத் தொடர்ந்து ஆயிரம் குரல். யாரோ அவளை மேடைமேல் ஏற்றினார்கள். யாரோ மைக்கை வாய்க்கு முன்னால் நீட்டினார்கள். பஞ்சாயத்துக் கூட்டத்தில்கூட வாய் திறக்காதவள் அவள்.

"எனக்கு அவர வீட்டுக்குக் கொண்டுபோகணும்" என்றாள்.

மைக் அதை ரோட்டின் கோடிவரை கொண்டுபோனது. பெண்கள் ஓவென்று அழுதார்கள். ஓர் இளவட்டம் முஷ்டியை உயர்த்தினான். "அனுப்பி வை, அனுப்பி வை! துரைக்கண்ணுவை வீட்டுக்கு அனுப்பி வை! எடுத்துக்கொள், எடுத்துக்கொள்! விவசாயி நெல்லை எடுத்துக்கொள்!" கூட்டம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. கலியபெருமாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேட்டியா அரசாங்கமே! ஒரு தாய் கேக்குறது கேட்டுச்சா!" என்று மைக்கில் கதறினார்.

"நான் ஒங்களத்தான் கேட்டேன் தம்பி" என்று அவள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவனுக்கே கேட்கவில்லை.

பிணவறைக்குத் திரும்பி வந்து, அங்கே இருந்த இன்ஸ்பெக்டரிடம் கையெழுத்துப் போடுகிறேன் என்று நின்றாள். அவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "நீங்க போட்டாலும் இப்ப நான் வெளிய எடுக்க முடியாதும்மா. வண்டிய மறிப்பாங்க, கல்லு விழும், நாலு மண்டை உடையும். அவங்க எந்திரிக்கட்டும்." அவர் சொன்னதும் நியாயம்தான். அந்த மூன்று நாளில் அவளிடம் பேசினவர்கள் எல்லாருமே நியாயத்தைத்தான் பேசினார்கள். அவளுடைய புருஷன் மட்டும் அவளுடையவராக இல்லாமல் போய்விட்டார்.

அதற்கும் மறுநாள் மத்தியானம் பெரிய அதிகாரிகள் வந்தார்கள். மேலிடத்திலிருந்து போன் வந்ததாம். எல்லாவற்றுக்கும் சரி என்றார்கள். சாக்கு வருகிறது, லாரி வருகிறது, ஈரம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் எடுத்துக்கொள்வார்கள், துரைக்கண்ணு குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. ரோட்டில் வெடி போட்டார்கள். கலியபெருமாளைத் தோளில் தூக்கினார்கள். அவர் இறங்கி ஓடிவந்து, "ஜெயிச்சுட்டோம் அண்ணி! அண்ணன் ஜெயிச்சுக் குடுத்துட்டாரு!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

"எடுத்துக்கிட்டுப் போகலாமா தம்பி?" என்று கேட்டாள் மங்களாம்பிகை.

கையெழுத்துப் போட்டாள். காகிதம் ஒவ்வொரு மேசையாக நகர்ந்து வருவதற்குள் ரோடு காலியாகிவிட்டது. தராசை உடனே ஓட்டப்போகிறார்கள் என்று செய்தி. அவனவன் குவியல் பக்கத்தில் அவனவன் நிற்காவிட்டால் முறை போய்விடும், போனால் எப்போது வருமோ தெரியாது. எல்லாரும் கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு திடலுக்கு ஓடினார்கள். கலியபெருமாள்கூட, அங்கே தள்ளுமுள்ளு ஆகாமல் பார்த்துக்கொண்டு நேரே சுடுகாட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று போய்விட்டார். அவர்களைத் திட்டவும் மனசு வரவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

பிணவறைக்காரர் பிரபுவைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். பிரபு மாமியாரிடம் வந்து, "நீங்களும் பிரகாவும் ஆட்டோவுல முன்னாடி போங்கத்த. நாங்க வந்துடுறோம்" என்றான். அவன் முகம் சரியில்லை. அவள் கவனிக்கவில்லை. அவள் மனசு வீட்டுவாசலுக்குப் போய்விட்டிருந்தது.

வீட்டில் அவளே பெஞ்சை இழுத்து வாசலில் போட்டாள். தவலையில் தண்ணீர் நிரப்பினாள். எண்ணெய்க் கிண்ணம், சீயக்காய், விபூதி மடல், அவர் தீபாவளிக்கு என்று எடுத்துவைத்திருந்த வேட்டி, எல்லாம் எடுத்துவைத்தாள். பானையில் இருந்தது ரேஷன் அரிசி. கொஞ்சம் பார்த்துக்கொண்டே நின்றாள். வேறு வழியில்லை, தட்டில் அள்ளிக்கொண்டாள்.

தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் நடக்க முடியாத நாலைந்து கிழவிகள்தான். திடல் பக்கமிருந்து லாரி உறுமுகிற சத்தமும் மூட்டை தூக்குகிறவர்களின் கூச்சலும் கேட்டுக்கொண்டிருந்தன. அம்சம் மட்டும் தலையெல்லாம் தூசும் தும்புமாக ஓடிவந்தாள். வந்தவள் கிட்டே வரத் துணியாமல் வேலிப்படலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"போட்டாச்சா?" என்று கேட்டாள் மங்களாம்பிகை.

"போட்டாச்சுக்கா."

"மொளைக்கலயே?"

"இல்லக்கா."

"நல்லவேள" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அம்சம் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

பிரகதீஸ்வரியின் போன் அடித்தது. கேட்டவள் அம்மாவைப் பார்க்காமல் சொன்னாள்: "எறக்க வேணாங்குறாங்களாம்மா. ரொம்பக் கெட்டுப்போச்சாம். பிரிக்கக் கூடாதாம். நேரா சுடுகாட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்காங்களாம்."

மங்களாம்பிகை தவலையைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள். "வாசல்ல நிறுத்திட்டுப் போவச் சொல்லு" என்றாள். அவள் குரல் அப்படி இருந்து மகள் கேட்டதில்லை.

வண்டி வந்து நின்றது. பிரபுவும் ஹமீது பாயும் இறங்கினார்கள். கூட வந்தது அவ்வளவுதான். டிரைவர் மூக்கைத் துணியால் கட்டியிருந்தார், பிரபுவும் கட்டியிருந்தான், ஹமீது பாய் கட்டவில்லை. பின்கதவைத் திறந்தார்கள். உள்ளே வெள்ளைத் துணியும் பாலித்தீனுமாகச் சுற்றிச் சுற்றிக் கட்டிய ஒரு மூட்டை, நீளவாக்கில் கிடந்தது. இந்த முனையிலும் அந்த முனையிலும் ஒரே மாதிரி கயிறு போட்டு இறுக்கியிருந்தார்கள். தலை தெரியவில்லை, கால் தெரியவில்லை, மேடு பள்ளம்கூட இல்லை.

மங்களாம்பிகை அரிசித் தட்டோடு கிட்டே போனாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"தலை எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

டிரைவர் பிரபுவைப் பார்த்தார். பிரபு, "ஏத்தும்போது நான்..." என்று ஆரம்பித்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஹமீது பாய் தொட்டுப் பார்க்கலாமா என்று கையை நீட்டிவிட்டு, இழுத்துக்கொண்டார். யாருக்கும் தெரியவில்லை. மூன்று நாள் ஊர் ஊராக அந்தப் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். அந்த ஆளுக்குத் தலை எந்தப் பக்கம் என்று சொல்ல ஒருத்தர் இல்லை.

அவள் வண்டிக்குள் ஏறினாள். யாரும் தடுக்கவில்லை. தட்டில் இருந்த அரிசியை இரண்டு பங்காக்கினாள். இந்த முனையில் துணிமேல் ஒரு பிடியை மெதுவாக வைத்தாள். அந்த முனைக்கு நகர்ந்துபோய், இன்னொரு பிடியை அதே மாதிரி வைத்தாள். சொல்ல வேண்டும் என்று வைத்திருந்த வார்த்தையை எந்தப் பக்கம் குனிந்து சொல்வது என்று தெரியாமல், நடுவில், மார்பு இருக்கும் என்று தோன்றின இடத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு சொல்லாமலே இறங்கினாள்.

"ரெண்டு பக்கமும் போட்டிருக்கேன் பாய்" என்றாள். "ஒரு பக்கம் வாயில விழுந்திருக்கும். அழைச்சிக்கிட்டுப் போங்க, ரொம்ப நேரம் நின்னுட்டாரு."